அணைக்கும் முன் இரண்டு நிமிடம்

2003 ஜூன் 9, திங்கள்

இன்றைக்கும் மழை. இன்றைக்கும் ஆக்குளம் ஏற்றத்தில் ஒரு மணல் லாரி வழி விடாமல் நடு ரோட்டில் ஊர்ந்தது. போன மாதம் வரை என்ன செய்வேன்? அதன் புகையைக் குடித்துக்கொண்டே ஆபீஸ் இருக்கிற கழக்கூட்டம் வரை பின்னால் போவேன். இன்றைக்கு மிதித்தேன். ஒரு நொடி ஒன்றும் இல்லை. பிறகு அந்த விசில் – முதுகு போய் சீட்டில் ஒட்டிக்கொண்டது. லாரிக்காரன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். பார்க்கட்டும். ஏழு வருஷத்துப் பொட்டி வண்டி, மூன்றே சிலிண்டர், உள்ளே என்ன இருக்கிறதென்று அவனுக்கு எப்படித் தெரியும்!

வீட்டிலும் தெரியாது. அதுதான் கொஞ்சம் உறுத்துகிறது. வண்டி அப்பா பேரில். செக்ரட்டேரியட்டிலிருந்து ரிட்டயர் ஆன வருஷம் அப்பா ஆசையாக வாங்கியது. வாரநாளில் நான் ஆபீசுக்கு ஓட்டுகிறேன், சனி ஞாயிறில் அவர் கோயில், கல்யாணம் என்று எடுப்பார். அவர் ஓட்டினால் நாற்பதைத் தாண்டாது. தாண்டாதவரை, எஞ்சினுக்கு வேகம் கூட்ட நான் மாட்டிய டர்போ தூங்கிக்கொண்டிருக்கும், பெரியவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது என்று வேலப்பன் சொல்லிவிட்டார்.

கரமனையில் ஷெட் வைத்திருக்கும் இந்த வேலப்பன் கோயமுத்தூரில் ரேஸ் வண்டிகளில் கை வைத்தவர். ஜப்பானில் ஏதோ குட்டிக் காரில் ஓடி ஓய்ந்த டர்போவை கோயமுத்தூரிலிருந்துதான் வரவழைத்தார். மாட்டிக் கொடுத்த அன்றைக்கு என்னைப் பக்கத்தில் நிறுத்திப் பாடம் சொன்னார்.

"சொல்லுகேன் கேளுங்க மேடம். சூட்டுப் புகையிலதான் இந்தச் சக்கரம் சுத்துது. மிதிச்சு ஓட்டிட்டு வந்தா தீயா கொதிச்சிட்டு நிக்கும். ஒடனே ஆஃப் பண்ணக் கூடாது. எஞ்சினு நின்னா ஆயிலும் நிக்கும், நின்ன ஆயிலு உள்ளேயே கருகிப் போவும். ரெண்டு நிமிசம் சும்மா ஓட விட்டுட்டு அப்புறமா சாவியத் திருப்புங்க. இது ஒண்ணு மறந்தியன்னா எஞ்சினுக்கு நான் பொறுப்பில்ல."

இரண்டு நிமிடம்தானே. தினமும் வலியசாலைத் தெருவில் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி வாட்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நாளில் எனக்கென்று கிடைக்கிற இரண்டு நிமிடம்.


ஜூன் 17, செவ்வாய்

இன்று முந்தியது இரண்டு லாரி, ஒரு கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ், புல்லட்டில் போன ஒரு மீசை. இந்த வண்டி நான் சொன்னால் கேட்கிறது. வேறு யார் கேட்கிறார்கள்?


ஜூன் 26, வியாழன்

எதிர்வீட்டுப் பார்வதியம்மாளுக்கு என்ன வேலை? என் இரண்டு நிமிடத்தைக் கணக்கெடுப்பதுதான் வேலை.

இன்று ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அப்பா தட்டைப் பார்த்தபடியே கேட்டார்: "ப்ரியா, உனக்கு ஆத்துக்கு வரவே பிடிக்கலையாடிம்மா?"

"என்னப்பா உளறறேள்?"

"இல்லே... வாசல்லே வண்டியை நிறுத்திட்டு ரொம்ப நாழி தனியா உக்காந்துண்டிருக்கயாமே. தலையைக் குனிஞ்சுண்டு. பார்வதி மாமி தெனம் பார்க்கறாளாம். நான் அந்த ஜாதகத்தையெல்லாம் நீட்டறேனேன்னு மனசுக்கு வெஷமமா, வருத்தமா? வேண்டாம். இனிமே நான் அந்தப் பேச்சை எடுக்கவே மாட்டேன், கேட்டியா."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். 'அப்பா, வண்டியில் ஒரு சாமான் போட்டிருக்கேன், அது சூடாறணும்' – இவ்வளவுதான் வாக்கியம். சொல்லவில்லை. ஏன்? முதலில் பயம். பிறகு... எழுதிவிடுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள்: சௌகரியம். மூன்று வருஷமாக நான் கத்தி, அழுது, பட்டினி கிடந்து நிறுத்த முடியாத ஜாதகப் பேச்சு ஒரு டர்போவால் நின்றுவிட்டது. பேசாமல் மோர் விட்டுச் சாப்பிட்டு எழுந்தேன். அம்மா இருந்திருந்தால் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பாள்.


ஜூலை 2, புதன்

இது எதிர்பாராதது. வாசலில் வண்டியை நிறுத்தி முக்கால் நிமிடம்கூட ஆகியிருக்காது, அப்பா குடையோடு இறங்கி வந்தார். ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பி எடுத்தார். எஞ்சின் நின்றது.

"போறும், வா. என்ன மனசிலே இருந்தாலும் உள்ளே வந்து காப்பி குடிச்சுண்டே நெனைச்சுக்கோ." என் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு குடையை என் பக்கம் பிடித்தார். அவருடைய ஒரு தோள் நனைந்தது.

பானெட்டுக்கு அடியில் சொடக் சொடக் என்று சூட்டு இரும்பு அடங்கும் சத்தம். ஒரு நாள்தானே.


ஜூலை 11, வெள்ளி

ஒரு நாள் இல்லை. தினமும் வருகிறார். ஐந்தே முக்காலுக்கே வாசற்படியில் நிற்கிறார். வண்டி நின்றதும் கை உள்ளே வருகிறது, சாவி திரும்புகிறது. பெட்ரோல் வீணாகிறதே என்ற கவலையும் அதில் கலந்திருக்கிறது – சிக்னலில்கூட எஞ்சினை அணைக்கிற மனுஷர், இறக்கம் வந்தால் நியூட்ரலில் உருட்டுகிற மனுஷர். ஆனால் முகத்தில் இருப்பது அது இல்லை. பெண்ணைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போகிற முகம்.

தெரு முனையிலேயே நின்று இரண்டு நிமிடம் ஆற்றிவிட்டு வரலாம் என்று மூன்று நாள் செய்தேன். நான்காம் நாள் அப்பா தெரு முனைக்கே வந்து நிற்கிறார். "இங்கேயும் உக்கார ஆரம்பிச்சுட்டயா?" என்று கேட்டபோது குரல் உடைந்திருந்தது.

கடைசி ஒரு மைல் மிதிக்காமல் மெதுவாக வந்தால் போதும், வழியிலேயே ஆறிவிடும். எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் நாள் முழுக்க மீட்டிங்கில் 'எஸ், எஸ்' என்று தலையாட்டிவிட்டு வருகிறேன். கிள்ளிப்பாலத்துக்கு முன்னால் அந்தக் காலி ரோடு வந்தவுடன் கால் தானாக அமுங்குகிறது. ஒவ்வொரு நாளும் நாளையிலிருந்து இல்லை என்று நினைத்துக்கொண்டே அமுக்குகிறேன்.


ஜூலை 23, புதன்

காலையில் ஸ்டார்ட் செய்ததும் பின்னால் நீலப் புகை. பார்வதியம்மாள் கோலத்தைப் பாதியில் விட்டுவிட்டு இருமினாள்.

ஆயில் அளவுகோலை எடுத்துப் பார்த்தேன். நுனியில்தான் ஈரம்.


ஜூலை 26, சனி

வேலப்பன் குழாயைக் கழற்றி, சக்கரத்தின் தண்டை இரண்டு விரலால் ஆட்டிக் காட்டினார். ஆடக் கூடாதாம். ஆடுகிறது. விரலில் ஒட்டிய கரியை என் முன்னால் நீட்டினார்.

"யாரோ சூட்டோட சூடா ஆஃப் பண்ணுகாவ."

"நான்தான் ஓட்டறேன். இரண்டு நிமிஷம் விட்டுத்தான் ஆஃப் பண்றேன்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். வேலை தெரிந்தவரிடம் அவர் வேலையைப் பற்றியே பொய் சொல்வது எவ்வளவு கேவலம்!

இனி என்ன என்றால், புது பேரிங் கோயமுத்தூரிலிருந்து வரவேண்டும், எப்போது என்று சொல்ல முடியாது. அதுவரை டர்போவைக் கழற்றிப் பழையபடி மாட்டித் தருகிறேன், இரண்டு நாள் வண்டி இங்கே கிடக்கட்டும் என்கிறார். இரண்டு நாள் வண்டி இல்லாவிட்டால் அப்பா கேட்பார். கேட்டால் ஷெட்டுக்கே வந்து நிற்பார். பழைய ஆபீசர், எல்லாவற்றையும் திறந்து பார்த்துவிடுவார். ஓணம் கழியட்டும் என்றேன்.

"உள்ளே போற ஆயிலைப் பாத்துக்கிட்டே இருங்க. கொறஞ்சா ஊத்துங்க. ஊத்த மறந்தியன்னா ஓடிட்டிருக்கும்போதே எஞ்சினு பிடிச்சிரும். பிடிச்சா அந்த இடத்திலேயே செத்து நிக்கும், பிரேக்கும் கல்லாட்டம் ஆயிரும். புரிஞ்சுதா?"

புரிந்தது. சீட்டுக்கு அடியில் ஒரு ஆயில் டப்பா வைத்துக்கொண்டேன்.


ஆகஸ்ட் 8, வெள்ளி

ஊற்றினேன்.


ஆகஸ்ட் 14, வியாழன்

ஊற்றினேன். ஒரு வாரம்கூட ஆகவில்லை.


ஆகஸ்ட் 24, ஞாயிறு

விசில் மாறிவிட்டது. இப்போது அரத்தைத் தேய்க்கிற மாதிரி ஒரு கீச்சு. அப்பா கோயிலுக்குப் போய் வந்து சாவியைக் கொடுக்கும்போது, "என்னடிம்மா, வண்டி அழறாப்லே ஒரு சத்தம் போடறது? நம்ம தம்பானூர் மெக்கானிக்கு கிட்டே ஒரு தரம் காட்டட்டுமா?" என்றார்.

"வேண்டாம்! நான் பார்த்துக்கறேன்னு எத்தனை தரம் சொல்றது? என் விஷயத்திலே எல்லாத்திலேயும் கை வைக்கணுமா உங்களுக்கு?"

கத்திவிட்டேன். அவர் "சரி, சரி, சும்மா, வெறுதே கேட்டேன்" என்று உள்ளே போய்விட்டார். வெகுநேரம் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார், பக்கம் திருப்பவே இல்லை.

போன வாரத்திலிருந்து நான் மிதிப்பதில்லை. நாற்பதுக்கு மேல் போவதில்லை. லாரிக்குப் பின்னாலேயே போகிறேன். இப்போது புத்தி வந்து என்ன பிரயோஜனம்? உள்ளே கருகினது கருகினதுதான்.


செப்டம்பர் 13, சனி

தஞ்சாவூரிலிருந்து சுப்புலக்ஷ்மி அத்தை வந்திருக்கிறாள். அப்பாவுக்கு ஒரே தங்கை. வந்ததும் வராததுமாக "பொன்முடி, பொன்முடின்னு கடுதாசிலே எழுதிண்டே இருப்பியே அண்ணா, கண்ணாலே காட்ட மாட்டியா?" என்று கேட்டுவிட்டாள். அப்பாவுக்குக் குழந்தை மாதிரி சந்தோஷம். அடுத்த சனிக்கிழமை போகிறோம் என்று அப்போதே முடிவு.

எனக்கு அன்றைக்கு ஆபீசில் புது சாஃப்ட்வேர் ரிலீஸ். "அதுக்கடுத்த வாரம் போகலாமே, நான் கூட்டிண்டு போறேன்" என்றேன். "சுப்பு புதன்கிழமை ஊருக்குக் கிளம்பறா. உனக்கு எதுக்கு சிரமம்? இருபத்திரண்டு வளைவு, நானே ஓட்டிடுவேன்."

"பஸ்ஸிலே போங்களேன்."

"அந்த மலைக்கு ஒரு நாளைக்கு ரெண்டே பஸ்ஸு. இவ மூட்டுவலியோட நின்னுண்டே போவாளா? வாசல்லே வண்டியை வெச்சுண்டு பஸ்ஸா!"


செப்டம்பர் 18, வியாழன்

ஆபீஸ் விட்டு வேலப்பனிடம் போனேன். பேரிங் இன்னும் வரவில்லை; கழற்றிப் பழையபடி மாட்டவும் சனிக்கிழமைக்குள் இரண்டு நாள் இல்லை. பொன்முடி என்றதும் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏத்தம் வேண்டாம். சமதரையில தட்டுத் தடுமாறி ஓடிரும். அந்த ஏத்தத்துல செகண்டு கியரில ஒரு மணி நேரம் எடுத்தா, மிதிச்சாலும் மிதிக்காட்டாலும் அது சுத்தத்தான் செய்யும். ஒடஞ்சிரும். ஒடஞ்சா இருக்கற ஆயிலு மொத்தத்தையும் ஒரே இழுப்பா இழுத்துக் கக்கிரும்." பிறகு மெதுவாக, "மோளே, அப்பாகிட்ட சொல்லிரு. நாலு திட்டு திட்டுவாரு. அவ்வளவுதானே?" என்றார்.

அவ்வளவுதான். நாலு திட்டு. நாளைக்குச் சாயங்காலம் சொல்லிவிடுகிறேன்.


செப்டம்பர் 19, வெள்ளி

வண்டியை நிறுத்தினேன். அப்பா வந்தார். கையை உள்ளே விட்டார். "அப்பா, ஒரு நிமிஷம், ஒண்ணு சொல்லணும்" என்றேன். அவர் சாவியைத் திருப்பி எடுத்துவிட்டு, "நான் முதல்லே சொல்லிடறேன்" என்று பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டார். என் வண்டியில், என் பக்கத்தில் அவர் உட்கார்ந்து எத்தனை நாளாகிறது?

"ரெண்டு மாசமா யோசிச்சுண்டே இருக்கேன் ப்ரியா. உனக்குன்னு ஆத்துலே ஒரு இடமில்லே. அம்மா போனப்புறம் நான் உன்னைப் பொத்திப் பொத்தி வெச்சு மூச்சு முட்டப் பண்ணிட்டேன். அதனாலேதான் நீ இதிலே உக்காந்துண்டிருக்கே. தப்பு எம்பேர்லே. திங்கட்கிழமை ஆர்.டி.ஓ. ஆபீஸ் போறேன். வண்டியை உன் பேருக்கே மாத்திடறேன். உன் வண்டி, நீ எத்தனை நாழி வேணா உக்காந்துக்கோ, ஒருத்தரும் கேக்கமாட்டா. நானும் வந்து நிக்கமாட்டேன்." சிரித்தார். "சரி, நீ என்ன சொல்ல வந்தே?"

நான் என்ன சொன்னேன்?

"மெதுவா போயிட்டு வாங்கோ" என்று சொன்னேன்.

ஐயோ, எழுதும்போதே கை கூசுகிறது. பிறகு போய் ஆயிலைக் கழுத்து வரை ஊற்றினேன். ஊற்றியிருக்கிறது. நாற்பதுக்கு மேல் போகமாட்டார். வேலப்பன் எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாது.


செப்டம்பர் 20, சனி

காலை 6.40. போய்விட்டார்கள். அத்தை மடியில் எலுமிச்சஞ்சாதத் தூக்கு. தெரு திரும்பும்போது நீலப் புகை தெரிந்தது, மழை ஈரத்தில் அப்படியே தங்கி நின்றது. ஓடிப்போய்ப் பிடித்திருக்கலாம். செருப்புகூட மாட்டினேன்.

9.30. ஆபீஸ். விதுரா தாண்டியிருப்பார்கள். ஒரு வரி புரோகிராம்கூடக் கண்ணில் ஏறவில்லை.

10.50. இந்நேரம் மேலே போயிருப்பார்கள். மேலே போய்ச் சேர்ந்துவிட்டால் –

11.25. போன்.


செப்டம்பர் 21, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

பதினெட்டாவது வளைவு. அத்தை சொன்னது: "சடசடன்னு ஒரு சத்தம்டீ. அப்புறம் ஒரே பொகை, பின்னாலே ரோடே தெரியலே. வண்டி அப்படியே செத்துப் போச்சு. பின்னாலே உருள ஆரம்பிச்சுடுத்து. அண்ணா பிரேக்கை மிதிக்கறார், மிதிக்கறார், அது எறங்கவே மாட்டேங்கறது. ஜன்னல் வழியா தலையை நீட்டி 'தள்ளிப்போங்கோ, தள்ளிப்போங்கோ'ன்னு கத்தறார்."

கீழே, வளைவில், எடை போட்ட தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு ஒரு பெண் நடந்து வந்துகொண்டிருந்தாள். எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், இருப்பவள். தாசம்மாள். வண்டியின் பின்பக்கம் அவளைச் சுவரோடு சேர்த்து அடித்தது. வலது கால், முழங்காலுக்குக் கீழே. அப்பாவுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அத்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை.

மெடிக்கல் காலேஜில் கட்டுப் போட்டுக்கொண்டு வெளியே வந்த அப்பா என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது: "ஆயிலோட செவப்பு விளக்கு எரிஞ்சுது ப்ரியா. பார்த்தேன். அடுத்த வளைவிலே நிறுத்திக்கலாம்னு நெனைச்சேன். நான்தான்." என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பொண்ணுக்கு ரெண்டு கொழந்தைகளாம்."

அவர் பார்த்த விளக்கு ஒன்றுதான். நான் இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போலீஸ் கேஸ் அப்பா பேரில். ஸ்டேஷன் முற்றத்தில் இடமில்லை, வண்டியை உங்கள் மெக்கானிக்கிடமே போட்டு வையுங்கள், புதன்கிழமை பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார், அதுவரை ஒன்றையும் தொடக்கூடாது என்று ஹெட் கான்ஸ்டபிள் சொல்லிவிட்டார். அப்பா பக்கம் திரும்பி, "சாறே, வண்டிக்கு வல்ல கம்ப்ளெயின்டும் உண்டோன்னு அவர் பார்த்தா சாருக்கு நல்லது" என்றும் சொன்னார். வண்டியில் கோளாறு என்று எழுதினால் அப்பா தப்பிப்பார். அவ்வளவு நேராக இருக்கிறது விஷயம்.

தம்பானூருக்கு வேண்டாம் என்று நான் சொல்லி, வண்டியை வேலப்பன் ஷெட்டுக்கு இழுத்து வந்தாயிற்று.


செப்டம்பர் 22, திங்கள்

வக்கீல் காலையில் வந்தார். அப்பாவின் பழைய சிநேகிதர். போகும்போது வாசலில் என்னிடம் மட்டும் கேட்டார்: "வண்டியிலே எக்ஸ்ட்ராவா ஒண்ணும் ஃபிட் பண்ணலையே? இருந்தா இன்ஷூரன்ஸ்காரன் கையை விரிச்சுடுவான். அந்தப் பொம்மனாட்டிக்கு ஒண்ணும் கெடைக்காது."

இல்லை என்றேன்.

ஷெட்டுக்குப் போனேன். வேலப்பன் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்திருந்தார். சக்கரத்தின் தண்டு இரண்டாக முறிந்திருந்தது. எஞ்சின் ஆறினபிறகு கையால் சுற்றினால் சுற்றுகிறது என்றார். பழைய குழாய், பழைய காற்றுப் பெட்டி எல்லாம் மூலையில் சாக்கில் கட்டி அப்படியே இருக்கிறது.

"மாட்டினா நாளை ராவுக்குள்ள பழையபடி ஆக்கிரலாம். ஸ்டார்ட்டும் ஆவும். ஒருத்தனுக்கும் தெரியாது." அவர் என்னைப் பார்க்கவில்லை. "இருக்கட்டும்னா அப்படியே இருக்கட்டும். இன்ஸ்பெக்டரு வந்து பாப்பாரு. மாட்டினவன் நான், எனக்கும் கேசு வரும். வரட்டும். நீங்க சொல்லுங்க."

தாசம்மாளுக்கு இன்ஷூரன்ஸ் கிடைக்க வேண்டும், அதனால்தான் என்று இங்கே எழுதினேன். அடித்துவிட்டேன். அது மட்டும் காரணம் இல்லை. வேலை போகும். தெரு முழுக்கப் பேசும். அதெல்லாம்கூடப் பரவாயில்லை. எல்லாம் தெரிந்தால் அப்பா கேட்பார்: அந்தச் சக்கரம் எதனால் கெட்டது? நான் என்ன சொல்வேன்? தினம் நீங்கள் குடையோடு வந்து சாவியைத் திருப்பினீர்களே, அதனால் என்றா? அதைக் கேட்டுவிட்டு அவர் இருப்பாரா?

அதுவும் முழுக்க உண்மையில்லை. அவரைக் காப்பாற்றுகிற மாதிரி எழுதிக்கொள்கிறேன் பார்! ஒரு வார்த்தை, ஜூன் மாதத்தில், ரசம் சாதத்துக்கும் மோர் சாதத்துக்கும் நடுவில் சொல்லியிருந்தால் போதும்.

"கழட்டிடுங்கோ" என்றேன்.

வேலப்பன் எழுந்து ஸ்பானரை எடுத்தார். குனிந்தபடியே, "வேலை முடிஞ்சா இனி இங்க வராண்டாம் மேடம்" என்றார்.


செப்டம்பர் 24, புதன்

இன்ஸ்பெக்டர் வந்தார், பார்த்தார், ஓட்டினார். பிரேக் சரி. ஸ்டீயரிங் சரி. டயர் சரி. எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறது. விபத்துக்குக் காரணமான இயந்திரக் கோளாறு எதுவும் இல்லை.

அப்பா அந்தத் தாளின் காப்பியை இரண்டு தரம் படித்தார். "நல்ல வேளை" என்றார். "உன் வண்டிக்கு ஒரு கொறையும் இல்லே. நீ நன்னாத்தான் வெச்சுண்டிருக்கே. நான்தான் கியரை மாத்தத் தெரியாம அணைச்சுட்டேன்."

அத்தை, "இல்லே அண்ணா, அந்தப் பொகை" என்று ஆரம்பித்தாள். "ஏழு வருஷத்து வண்டி, ஏத்தத்திலே பொகை வராம?" என்றேன் நான். அவ்வளவு சட்டென்று வந்தது எனக்கு. அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு பெட்டியைக் கட்டப் போய்விட்டாள். சாயங்கால ரயிலில் ஊருக்குப் போனாள்.


செப்டம்பர் 28, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் தாசம்மாளைப் பார்த்தேன். ஆரஞ்சு வாங்கிப் போனேன். என்னைவிட இரண்டு வயது பெரியவளாக இருக்கலாம். அம்மா ஊர் திருநெல்வேலிப் பக்கமாம், இவள் பிறந்ததே லயத்தில்.

"அந்த ஐயாவுக்கு ஒண்ணும் ஆவலியேம்மா? பாவம், கத்திக்கிட்டேதான் வந்தாரு. நான்தான் கேக்கல. அந்தப் பொகையவே பாத்துக்கிட்டு நின்னுட்டேன். எம்புட்டு நீலம்! காரு பொகை அப்படி வந்து நான் பாத்ததே இல்ல." தலையணையில் தலையைத் திருப்பினாள். "போலீஸ்காரவுகளும் கேட்டாவ. பொகையச் சொல்லட்டுமா வேண்டாமா, அது ஐயாவுக்குத் தொந்தரவா வந்துருமோ?"

அவள் என்னைக் கேட்கிறாள். என்னை!

"சொன்னா கேஸ் இழுத்துண்டே போகும்" என்றேன்.

"அப்பொ சொல்ல வேண்டாம்" என்றாள்.


அக்டோபர் 6, திங்கள்

தாசம்மாளின் காலை எடுத்துவிட்டார்கள். முழங்காலுக்கு ஒரு சாண் கீழே.


அக்டோபர் 7, செவ்வாய்

அப்பா சாப்பிடவில்லை. லைசென்சை எடுத்து வந்து மேஜையில் வைத்து, "இதை எங்கே கொண்டு திருப்பிக் குடுக்கணும்னு விசாரி" என்றார். முப்பத்தொரு வருஷம் ஓட்டியவர். ஒரு பூனைகூட அடிபட்டதில்லை.

நான் பஸ்ஸில் ஆபீஸ் போகிறேன். ஆக்குளம் ஏற்றத்தில் கண்ணை மூடிக்கொள்கிறேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஒரு குரல். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் சமையலறைக்குப் போய்விடுகிறேன். இப்போது சொன்னால் ஒன்று இல்லை, ஐந்து பொய்யை ஒத்துக்கொள்ள வேண்டும்.


அக்டோபர் 11, சனி

வக்கீல் சொல்கிறார்: வழக்கை நடத்தலாம், வயதானவர், புகை வந்தது என்று அத்தையைச் சாட்சிக்குக் கூப்பிடலாம், வண்டியை மறுபடி ஒரு நிபுணரிடம் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

அப்பா வேண்டாம் என்றுவிட்டார். "குத்தத்தை ஒத்துக்கறேன். அவளுக்குக் கால் போயாச்சு, நான் கோர்ட்டிலே நின்னுண்டு வாய்தா வாங்கவா?"

வக்கீல் என்னைப் பார்த்தார். நான் சொன்னால் அப்பா கேட்பார் என்று அவருக்குத் தெரியும். "அப்பா இஷ்டம்" என்றேன்.


அக்டோபர் 15, புதன்

குற்றத்தை ஒத்துக்கொள்ளும் மனுவை வக்கீல் தட்டச்சு செய்து கொண்டு வந்தார். மலையாளத்தில் ஒன்றரைப் பக்கம். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். கடைசியில், "ஒண்ணு விட்டுப் போச்சு" என்றார்.

"என்ன?"

"வண்டியை என் மகள் ஒரு குறைவும் இல்லாமல் பராமரித்து வந்தாள், தவறு முழுவதும் ஓட்டிய என்னுடையதுன்னு ஒரு வரி சேர்க்கணும். நாளைக்கு ஒருத்தனும் அவ பேர்லே விரலை நீட்டப்படாது."

வக்கீல் அதை அடியில் பேனாவால் எழுதினார். எழுதி முடிக்கிற வரை நான் அங்கேயேதான் நின்றிருந்தேன். வாயைத் திறக்க நேரம் நிறைய இருந்தது.

அப்பாவுக்கு வலது கையில் இன்னும் கட்டு. இடது கையால் பேனாவைப் பிடித்தார். தாள் நழுவிக்கொண்டே இருந்தது. "கொஞ்சம் பிடிச்சுக்கோம்மா" என்றார்.

பிடித்துக்கொண்டேன்.